பழைய காரைக் காப்பாற்றுவது பக்கத்தில் நிற்கும் சின்னக் கார்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஒரு பிரீமியர் பத்மினியோ அம்பாசடரோ நிற்கும்போது புதிதாகச் சின்னக் கார் ஒன்று வாங்கலாம் என்று பேச்செடுத்தால், உறவுகள், நண்பர்கள், ஷோரூம்காரர் என எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, "பழசைத் தள்ளிவிட்டு வாங்குங்கள்" என்பதுதான். பழைய கார்களைப் பராமரித்து வருபவர்கள் என்ற முறையில் இதை மறுத்து எழுத விரும்புகிறோம். பழைய காரை நல்லபடியாக வைத்துக்கொள்ள முடிவதே சின்னக் கார் வந்த பிறகுதான்.

பழைய காரை அதிகம் கெடுப்பது அவசரம். ஒரே வண்டியை நம்பியிருக்கும் வீட்டில், திங்கட்கிழமை காலை வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக் அன்றைக்கு ஓட வேண்டியதை மட்டும் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு வண்டியின் கண்டன்சரை மாட்டுவார், அளவு ஒவ்வாத வீல் சிலிண்டரை உட்கார வைப்பார், எரிந்த ஒயருக்குப் பதில் கையில் கிடைத்த நிறத்து ஒயரை இழுத்து முடிச்சுப் போடுவார். இப்படிப் பத்து அவசரம் சேர்ந்தால் எது எங்கே போகிறது என்று யாருக்கும் புரியாத வண்டியாகிவிடும். போர்டிகோவில் இன்னொரு கார் நின்றால், பிரேக் டிரம்மைக் கழற்றிப்போட்டு இரண்டு வாரம் காத்திருக்கலாம். சரியான ரப்பர் கிட் சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கிடைக்கும்வரை வண்டியைத் தொடத் தேவையில்லை. பழைய வண்டிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

துணைக்கு வரும் கார் ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? முதல் காரணம் இடம். மாருதி ஆல்டோ கே10-இன் நீளம் 3,530 மி.மீ. பத்மினி நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 7.5 மீட்டருக்குள் அடங்கும். 30 அடி நீளமுள்ள வழியில் நடுவே ஆள் நுழையவும் இடம் மிஞ்சும். உள்ளே பழையது, வாசலை ஒட்டிப் புதியது என்று நிறுத்துவது நல்லது. வெயிலும் சாரலும் பழையதன் மேல் படாது. இரண்டாவது காரணம் செலவு. மாதம் 800 கி.மீ. ஓட்டமென்றால், லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும் பத்மினிக்கு 67 லிட்டர் வேண்டும், 20 கி.மீ. கொடுக்கும் சின்னக் காருக்கு 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,700 ரூபாய் மிச்சம். பழைய காரின் டயர், பேட்டரி, ரப்பர் சாமான் செலவை அந்தப் பணம் சுமக்கும். பெரிய எஸ்யுவி வாங்கினால் இந்தக் கணக்கு உதைக்கும். கடைசியில் பழைய காரைத்தான் விற்கச் சொல்வார்கள்.

மூன்றாவது காரணம், ஓட்டுகிற சுகம். பத்மினியின் 1,089 சி.சி. எஞ்சின் தருவது சுமார் 40 குதிரைத்திறன். ஆல்டோவின் 998 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் 65-ஐத் தாண்டுகிறது. எடையிலும் பத்மினி சுமார் 900 கிலோ, ஆல்டோ அதைவிட நூறு கிலோவுக்கு மேல் குறைவு. காலம் வேறானாலும் இரண்டும் ஒரே இனம். மெலிந்த டயர், ஒல்லியான உடம்பு, சந்துக்குள் தயங்காமல் நுழையும் அளவு. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறாது. ஒரு வாரம் ஏசியும் பவர் ஸ்டீயரிங்குமாக ஓட்டிவிட்டு ஞாயிறு விடியலில் பத்மினியில் உட்கார்ந்தால், முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டதும் முகத்தில் அடிக்கும் காற்று, ஸ்டீயரிங்கை ஒட்டி நிற்கும் கியர் தண்டை இரண்டு விரலால் இறக்கும் லாகவம், நீள சீட், எஞ்சின் சூடேற மாறிக்கொண்டே வரும் சத்தம் என ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். தினமும் அதையே ஓட்டுகிறவருக்கு இவை பழகி மறைந்துவிடும். திங்கட்கிழமை ஆல்டோவில் ஏறும்போது சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆவதும், மழையில் ஏபிஎஸ் இருப்பதும் அதே போல மனதுக்கு இதமாக இருக்கும்.

இனி பராமரிப்பு. பலர் செய்யும் தவறு, பழைய காரை வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. இது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடாகாவிட்டால் அந்த நீராவி உள்ளேயே படிந்து, வெளியே பளபளவென்று இருக்கும் சைலன்சரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். பிஸ்டன் இடுக்கு வழியாக இறங்கும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கும். ஆயில் 80 டிகிரிக்கு மேல் போய்ச் சிறிது நேரம் நிலைத்தால்தான் அவை ஆவியாகி வெளியேறும். எனவே வாரம் ஒருமுறை 20, 25 கி.மீ., அதில் பாதியாவது டாப் கியரில் ஓட்ட வேண்டும். முடியாத வாரத்தில் ஸ்டார்ட் செய்யாமலே விடுவது மேல்.

எடுப்பதற்கு முன் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், டயர் காற்று நான்கையும் பாருங்கள். ஒரு வாரம் நின்ற வண்டியில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் ஃப்ளோட் கிண்ணம் (பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணம்) வற்றியிருக்கும். பெட்ரோல் பம்ப் எஞ்சின் சுற்றினால்தான் வேலை செய்யும் வகை என்பதால், பலர் செல்ஃபை விடாமல் அடித்து பேட்டரியை இறக்கிவிடுகிறார்கள். பம்பின் அடியில் கையால் தள்ளும் லீவர் இருந்தால் 15, 20 முறை அழுத்திக் கிண்ணத்தை நிரப்புங்கள். பிறகு சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் குமிழை) முழுதாக இழுத்து, ஆக்ஸிலேட்டரை ஒருமுறை மிதித்து விட்டு, செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் பிடித்ததும் சோக்கைப் பாதியாக உள்ளே தள்ளி, ஒரு கி.மீ.க்குள் முழுதும் மூடிவிட வேண்டும். மறந்து சோக்கோடு ஓட்டினால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும்.

தெருமுனை தாண்டுவதற்குள் பிரேக்கை மூன்று முறை அழுத்திப் பாருங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறோம். பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. ஆல்டோவில் பழகிய கால் அந்த அழுத்தத்தையே இங்கும் கொடுத்தால் வண்டி நிற்காது. முன்னால் போகிறவருக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? எதிர்ப்பக்க வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது ஏதேனும் ஒரு டிரம்முக்குள் பிரேக் ஆயில் கசிந்து ஷூவை நனைத்திருக்கலாம். நனைந்த ஷூவைச் சோப்புப் போட்டுக் கழுவி மாட்டுவது பயனற்றது, மாற்றத்தான் வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓடாமலே நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக இறக்கிப் புதிதாக ஊற்ற வேண்டும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதீர்கள். ஈரக் காற்றில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

கியரிலும் ஒரு வேறுபாடு. பத்மினியின் முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (பற்களின் வேகத்தைச் சமமாக்கி இணைக்கும் அமைப்பு) கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் பல் உரசும் சத்தம் கேட்கும். கேட்டதென்றால் பல் தேய்ந்தது என்று பொருள். வண்டி முழுதும் நின்ற பிறகே முதல் கியர்.

இப்போது பெரிய கவலை பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது. 2023 ஏப்ரல் முதல் தயாரான புதிய கார்களின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இதற்கு ஏற்றவை. பழைய காருக்கு மூன்று வகையில் சிக்கல். முதலாவது, பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃபிராம், கார்பரேட்டரின் ஆக்ஸிலேட்டர் பம்ப் டயஃபிராம் ஆகியவை ஊறி உப்பி, பிறகு வெடிக்கின்றன. ஹோஸ் வெடித்தால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டும், தீப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ரகமான, எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள். மீட்டருக்குச் சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இதில் சிக்கனம் கூடாது. இரண்டாவது, எத்தனால் டேங்கின் பழைய படிவத்தைக் கரைத்து வரும். மாறிய முதல் சில மாதம் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். கண்ணாடி ஃபில்டராக மாட்டினால் பழுப்பு நிறத் தூள் சேர்வது கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும். ஊசி இன்ஜெக்‌ஷன் உள்ள புதிய கார் சென்சார் மூலம் தானே சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அது தெரியாது. ஏற்றத்தில் இழுவை குறைவது, ஆக்ஸிலேட்டர் விடும்போது சைலன்சரில் வெடிப்பது, ஸ்பார்க் பிளக் முனை வெள்ளையாக வெளுப்பது ஆகியவை அடையாளங்கள். மெயின் ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை) ஒரு அளவு பெரிதாக்கி, பிளக் இளம் பழுப்பு நிறத்துக்கு வரும்வரை பார்க்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்கக் கூடாது. வாரம் 25 கி.மீ. ஓட்டினால் மாதத்துக்கு 8, 9 லிட்டர்தான் செலவாகும். டேங்க் நிரம்ப ஊற்றினால் கடைசி லிட்டர் எரிய நான்கு மாதம் பிடிக்கும். மாதம் ஒருமுறை 10 லிட்டர் ஊற்றுவதே சரி. வெளியூர் போய் மாதக்கணக்கில் நிறுத்துவதானால், பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தை வற்ற வையுங்கள்.

மே மாத நண்பகலில் நெரிசலில் நின்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் காற்றை இழுக்கும். பம்ப்மேல் ஈரத்துணி சுற்றுவது நம் ஊர் டிரைவர்கள் கண்ட வைத்தியம். இன்றும் அது பலிக்கிறது. ஆனால் மே மாத நண்பகலில் அந்த வண்டியை வெளியே எடுக்கத் தேவையில்லாமல் செய்வதுதானே சின்னக் காரின் வேலை! பத்மினியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதும் அதை வெயிலில் எடுக்காமலிருக்க ஒரு காரணம். ஒருமுறை கொதிக்க விட்டால் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். ரேடியேட்டரில் குமிழி வருவதும், ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் போல நுரை சேர்வதும் அதைச் சொல்லும். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, சுண்ணாம்பு படிந்து குழாய்கள் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

இரண்டு கார் உள்ள வீட்டில் நடக்கும் தனித் தவறு, சாமான் மாறிப்போவது. புதிய காருக்கு வாங்கிய 0டபிள்யூ-20 போன்ற மெலிந்த ஆயில் மிச்சமிருக்கிறதே என்று பழையதில் ஊற்றிவிடுவார்கள். அகன்ற இடைவெளிகளோடு செய்யப்பட்ட அந்த எஞ்சினில் அது தண்ணீர் மாதிரி ஓடி, சூடானதும் ஆயில் பிரஷர் விழும். பழையதற்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில்தான்; 3,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். ஸ்பேனரும் அப்படித்தான். பத்மினி இத்தாலிய வம்சம், மில்லிமீட்டர் அளவு. ஆல்டோவின் ஸ்பேனர் செட்டே போதும். அம்பாசடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் ஆங்கிலேய வம்சம், அங்குல அளவு. 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் கிட்டத்தட்ட உட்காரும். அந்தக் 'கிட்டத்தட்ட'தான் நட்டின் மூலைகளை உருட்டிவிடுகிறது. அங்குல செட் ஒன்றைத் தனிப் பையில், தனி நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் புதிய காருக்கும் கவனம் தேவை. அணைத்து வைத்தாலும் கம்ப்யூட்டரும் லாக்கும் 30 மில்லி ஆம்பியர் அளவில் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி 24 நாளில் பாதியாகிவிடும். பழைய காரில் இப்படிக் குடிப்பது எதுவுமில்லை. நெகட்டிவ் முனையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டால் மாதமானாலும் தாங்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.4-க்குக் கீழ் இறங்கினால் சார்ஜரில் போட வேண்டும்.

ஹெட்லைட் மங்கல் என்பது பழைய கார்மீது வழக்கமாக வரும் புகார். பல்பு முனையில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். பழைய சுவிட்சிலும் ஒயரிலும் பத்து சதவீதம் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) இரண்டு வாங்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே பல்புக்குத் தடித்த ஒயர் கொடுத்தால், அதே பல்பு கண்ணைப் பறிக்கும். சுவிட்சும் சூடாகாது. அதிக வாட் பல்பு போடுவதைவிட இதுவே பாதுகாப்பு.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ட்ரன்னியனுக்குக் (செங்குத்துத் தண்டு திரும்பும் மரை போட்ட மூட்டுக்கு) கிரீஸ் அடிக்காதீர்கள். நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுப்பது மெக்கானிக்கின் கைப்பழக்கம். கிரீஸ் உள்ளே இறுகி, மரைக்குள் போகாது; ஈரம் தங்கித் துரு அரிக்கும்; ஒருநாள் வளைவில் செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். அங்கே போக வேண்டியது 90 கிரேடு கியர் ஆயில். பத்மினியில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் நேர் எதிர், அதற்குக் கிரீஸ்தான். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறி புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஹெரால்டைப் பற்றிப் பேசும்போது சொல்லியாக வேண்டும்: அது 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். ஆல்டோவுக்கு ஏறத்தாழ 30 அடி வேண்டும். 1961-இல் வந்த வண்டி!

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். தரையின் ஈரம் உள்ளே ஏறி வியர்த்து, கூரையிலிருந்து துருவை ஆரம்பிக்கும். பருத்தித் துணி போதும். கதவின் அடிவிளிம்பில் உள்ள துளைகளைக் கம்பியால் குத்தி விடுங்கள். ஸ்டெப்னி குழியையும் தரைப் பாயின் அடியையும் தூக்கிப் பாருங்கள். டயர் தேயாமலே முதிரும். பக்கவாட்டில் உள்ள நான்கு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு; 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஏழு ஆண்டு தாண்டியிருந்தால் பூ (டயரின் மேல் வரிப்பள்ளம்) இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எலி இரண்டு காரையும் தேடும். பழையதில் கடித்த ஒயரை வீட்டிலேயே இணைக்கலாம், புதியதில் ஒயரிங் கட்டையே மாற்றச் சொல்வார்கள். ஆகவே பானெட்டை வாரம் இருமுறை திறந்து பார்க்க வேண்டியது புதியதில்தான்.

கடைசியாக, ஆர்சி விவகாரம். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த காரை விண்டேஜ் என்று பதியலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. தினசரிக்கு வேறு கார் இல்லாதவர் இந்தப் பதிவை நினைக்கவே முடியாது. 1990-இல் வாங்கிய பத்மினிக்கு இந்த வழியும் இல்லை. அது சாதாரணப் பதிவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. விண்டேஜ் பதிவைப் புதுப்பிக்கும் கார் பத்தாண்டுக்கு 5,000 கட்ட, முப்பத்தைந்து வயதுக் கார் அதே காலத்துக்கு 20,000 கட்டுகிறது. இன்ஷூரன்ஸிலும் இப்படியொரு நுணுக்கம். 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய். பத்மினி 89 சி.சி.யால் மேல் வகுப்புக்குப் போகிறது. விண்டேஜ் பதிவுக்குப் பாதி பிரீமியம் போதும். சொந்தச் சேதத்துக்கும் பாலிசி எடுப்பவர்கள், ஐந்தாண்டு கடந்த காரின் மதிப்பைக் கம்பெனியோடு பேசித்தான் முடிவு செய்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள். நாலு பக்கப் புகைப்படம், சமீபத்திய பில்கள் இவற்றை முன்வைத்துக் கேட்டால் நியாயமான தொகை எழுதுவார்கள்.

அரசிடம் நாங்கள் கேட்பது இரண்டு. வாரம் 25 கி.மீ.கூட ஓடாத, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட 20 முதல் 50 ஆண்டு வரையிலான சொந்த உபயோகக் கார்களுக்கு, ஓட்ட வரம்பு வைத்தேனும் ஒரு தனிப் பதிவு வகை வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பெட்ரோல் பங்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலைக் கூடுதல் விலைக்காவது விற்க வேண்டும். மாதம் பத்து லிட்டர் வாங்கும் வண்டிகளுக்கு அந்த விலை பாரமாகாது.

இப்படிக்கு,
பழைய கார் பராமரிப்போர் சிலர்,
கோயம்புத்தூர்.